பம்பரம் அண்ணனின் ஜன்னல் சீட்

அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையும் என்னுடைய ஜெராக்ஸ் கடையும் பதினோரு வருஷமாக ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியிருப்போம். அப்படியிருந்தும் அவருக்கு இடது கண் கிடையாது என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அதுவும் ஒரு விமான டிக்கெட்டால்.

தெருவில் எல்லாருக்கும் அவர் பம்பரம் அண்ணன். ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, கையில் எப்போதும் ஒரு கிரீஸ் துணி. நின்ற இடத்தில் நிற்கமாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கமாக ஒரு அரைச்சுற்று சுற்றித் தெருவைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். டீ குடிக்கப் போனால் கடைசி பெஞ்சில், சுவர் இடப்பக்கம் இருக்கிற மூலையில்தான் உட்காருவார். அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் உட்காராமலே குடித்துவிட்டு வந்துவிடுவார். அவருடைய குணமே அப்படி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். டிரைவர் அக்கா என்போம். இவர்களுக்கு ஒரே மகள். கால்நடை மருத்துவம் படித்து, விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஒரு மலையடிவார ஊரில் வேலையில் இருக்கிறாள். அவள்தான் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து என் கடைக்கு அனுப்பினாள், அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லி.

இனி சொல்வதில் பாதி அண்ணன் சொன்னது, பாதி அக்கா சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டிருந்தபோதே மகளிடமிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசுவார். கையில் கிரீஸ் இருக்கும்.

"அப்பா, உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்த சீட்டு. இருபத்தொண்ணு ஏ. இடப்பக்கம் ஜன்னல். இறக்கை மறைக்காது, அது முன்னாடியே முடிஞ்சிடும். காலைல வெயில் அந்தப் பக்கம், உன் பக்கம் கண்ணு கூசாது. பாதி வழிக்கு மேல மலை உன் ஜன்னலுக்கு நேரா வரும். எட்டுப் பேர்கிட்ட கேட்டு எடுத்திருக்கேன்."

"சரிம்மா. ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன்.

எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டையானது. மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். மலை பார்க்காமலே ஐம்பத்தேழு வயதைத் தொட்டவருக்கு இப்படி ஒரு சீட் கிடைத்தால் குதிக்க வேண்டாமா? போனை வைத்தவர் அச்செடுத்த தாளைக் கையில் வாங்கவில்லை. கடைக்கு வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இந்த சீட்ட மாத்த முடியுமாப்பா?"

"எதுக்குண்ணே? இதவிட நல்ல சீட்டு கிடையாது. பொண்ணு விவரமாத்தான் எடுத்திருக்கு."

"வலப்பக்கம் ஜன்னல்?"

"அங்க வெறும் சமவெளி. போதாததுக்கு வெயில் மூஞ்சில அடிக்கும்."

"பின்னாடி பாத்து உக்காற மாதிரி சீட்டு இருக்குமா?"

"ரயில்லதான் அண்ணே அதெல்லாம். ஏரோபிளேன்ல பணிப்பெண்ணுங்க மட்டும்தான் அப்படி உக்காருவாங்க."

பட்டறைக்குப் போய்விட்டார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து, நடைபாதை ஓரத்து சீட்டிலிருந்து பார்த்தால் மலை எவ்வளவு தெரியும் என்று கேட்டார். சாயந்திரம் வந்து, திரும்பி வரும்போது மலை வலப்பக்கம் வருமல்லவா என்று கேட்டார். வரும்தான், ஆனால் மகள் எடுத்திருந்த திரும்பும் டிக்கெட் இருட்டியபிறகு கிளம்புகிற விமானத்துக்கு. அதைச் சொன்னதும் கதவுச் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாளும் இதே கதை. ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் விமானம் மாதிரி ஒன்றை வரைந்து எடுத்து வந்திருந்தார். லேத் வேலைக்காரர் வரைந்த படம், அளவெல்லாம் போட்டிருந்தது. ஜன்னல் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று என்னைக் கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, ஊர்ல அவனவன் ஜன்னல் கிடைக்கலன்னு அழறான். நீங்க கிடைச்ச ஜன்னல வேண்டாங்கறீங்க. என்னதான் பிரச்சனை?"

அவர் அட்டையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாயந்திரம் வேனை நிறுத்திவிட்டு வந்த டிரைவர் அக்காதான் சொன்னார்.

"அவருக்கு இடது கண்ணு இல்லப்பா. அது செயற்கைக் கண்ணு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பக்கத்துத் தையல் கடைக்காரருக்கும் தெரியாது. பட்டறையில் எட்டு வருஷமாக வேலை செய்கிற வெல்டருக்கே தெரியாது.

அது நடந்தபோது அண்ணனுக்கு இருபத்தொன்பது வயது. லேத்தில் இரும்பைச் சீவும்போது சீவல் சூடாகச் சுருள் சுருளாக வந்து விழும். வேர்வையில் மங்கிப்போன பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துடைக்கத் துணி தேடிய அந்த நேரத்தில் ஒரு சுருள் உடைந்து தெறித்தது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தவரை முதலாளி பார்சல் கட்டும் வேலைக்குப் போகச் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லேத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் பாகம் வேலை செய்கிறவனுக்கு இடப்பக்கம்தான் இருக்கும். இடது கண் இல்லாதவன் அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுசாகத் திருப்பவேண்டும்.

அண்ணன் பார்சல் கட்டவில்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி மெஷினில் பொருத்தினார். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, மூன்று மாதத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். பட்டறை கைமாறியது, ஆட்கள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அது வெறும் கண்ணாடி, அவர் வெறும் பம்பரம்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் சைக்கிள் ஓட்டுவதை விட்டதும் அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. தெருவில் நடக்கும்போது அக்கா எப்போதும் அவருக்கு இடப்பக்கம் நடப்பார். கண் போய் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்கு அப்பாவின் முகம் என்றாலே அந்த முகம்தான். சின்ன வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள், சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. எழாதபடி அவர் பார்த்துக்கொண்டார். மகள் தூக்கிப்போட்ட பந்தை ஒருதடவைகூட அவர் தவறவிட்டதில்லை. அதற்காக விடியற்காலையில் தனியாகச் சுவரில் பந்தடித்துப் பழகினார் என்று அக்கா சொன்னார்.

"இப்ப அவளே மறந்துட்டா" என்றார் அக்கா. "மறந்துட்டு இடப்பக்கம் சீட்டு எடுத்துக் குடுத்திருக்கா. இவருக்கு அதுல சந்தோஷமா வருத்தமான்னு இவருக்கே தெரியல. அதான் இப்படி சுத்தறாரு."

"ஒரு வார்த்தை சொன்னா பொண்ணு மாத்திடுமே அக்கா."

"சொன்னேன். 'மாத்துனா ஏன்னு கேப்பா'ங்கறாரு. கேட்டா சொல்லுங்கன்னேன். 'இத்தன வருஷம் கேக்கவிடாம இருந்திருக்கேன்'ங்கறாரு."

கண் மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பார். ஒரு கண் இல்லாதவர்கள் கழுத்தைத் திருப்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். இவர் இருபத்தெட்டு வருஷமாக இடப்பக்கம் திருப்பித் திருப்பிக் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் திருப்பிப் பிடித்தால் தோளிலிருந்து விரல் நுனிவரை மின்னல் மாதிரி இழுக்கும். மருத்துவர் அந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

பயணத்துக்கு ஆறு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் சாப்பாட்டு நாற்காலிகளை மூன்று மூன்றாக இரண்டு வரிசை போட்டிருந்தார். முதல் வரிசையில் இடது ஓர நாற்காலி தெரு ஜன்னலை ஒட்டி இருந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்திருந்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்கறேன். ஆரம்பி" என்று ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பினார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு நாய், எதிர்வீட்டு மாடியில் காயும் துணி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு இடத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"மூணரை நிமிஷம்" என்றார் அக்கா.

"மலை எவ்வளவு நேரம் வரும்?" என்று என்னைக் கேட்டார்.

"இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும் அண்ணே."

அடுத்து நாற்காலியில் குறுக்காக உட்கார்ந்து பார்த்தார். முட்டி இடித்தது. நாற்காலிமேல் மண்டியிட்டுப் பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இப்போது நல்ல கண்ணின் பக்கம் வந்தது, எல்லாம் அழகாகத் தெரிந்தது. "பெல்ட்டு எப்படிப் போடுவீங்க?" என்று அக்கா கேட்டதும் இறங்கிவிட்டார். நடுநாற்காலிக்குப் போனார். எழுந்தார். அடுப்படி வரை நடந்து போய்விட்டுத் திரும்பினார். எதிர்வீட்டு அம்மாள் துணியை மடிப்பதுபோல நின்றுகொண்டு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வீடு மாத்தறீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

"ஆமா. வெள்ளோட்டம்" என்றார் அக்கா.

கடைசியில் அண்ணன் கண்ணாடிக்கே வந்து சேர்ந்தார். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்கு உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு அலுமினியப் பிடி கடைந்தார். வலது கையில் பிடித்து முன்னால் நீட்டிக் கொஞ்சம் சாய்த்தால் இடப்பக்க ஜன்னலில் இருப்பது நல்ல கண்ணுக்குத் தெரியும். பட்டறையில் செய்து பார்த்து முகமெல்லாம் பிரகாசமாகிவிட்டது. ஆனாலும் பத்து நிமிஷத்தில் மறுபடி என் கடை வாசலில் நின்றார். விமானத்துக்குள் கண்ணாடி கொண்டுபோக விடுவார்களா என்ற அடுத்த கவலை வந்துவிட்டது.

விட்டார்கள். சோதனைக்காரர் பையிலிருந்து அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "என்ன சார் இது?" என்றார்.

"பாக்கறதுக்கு" என்றார் அண்ணன்.

அவர் அதில் தன் மீசையை ஒருதடவை பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அதற்கு முன்பு, பெட்டி போடும் கவுண்டரில் இருந்த பெண்ணிடமும் அண்ணன் ஒரு கடைசி முயற்சி செய்திருந்தார். இருபத்தொண்ணு ஏயைக் கொடுத்துவிட்டு வலப்பக்கம் ஒரு ஜன்னல் கிடைக்குமா என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது, அந்தப் பக்கம் மலையே கிடையாது. "சார், உங்க சீட்டத்தான் காலைலேர்ந்து பத்துப் பேர் கேட்டுட்டாங்க" என்றாள் அந்தப் பெண். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

விமானத்தில் அவர் ஜன்னலோரம், அக்கா நடுவில், அதற்கப்பால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிய ஒரு ஆள். ஏறியதிலிருந்து அண்ணனின் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. பெல்ட்டைப் போட்டார், கழற்றினார், போட்டார். மேலே ஏறியபிறகு ஜன்னலில் வெறும் வானம்தான். மலைக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. கழுத்தை மிச்சம் பிடிப்பதற்காக வலப்பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வலப்பக்கம் இருந்தது அக்காவின் முகம்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ எப்ப இவ்வளவு நரைச்ச?"

"ஏழு வருஷம் ஆச்சு" என்றார் அக்கா. "நீங்க எங்க என்னைப் பாத்தீங்க. நான்தான் எப்பவும் அந்தப் பக்கத்துல நடக்கறேனே."

இந்த இடத்தை எனக்குச் சொன்னது அக்கா. அண்ணன் இதைச் சொல்லவே இல்லை.

பிறகு விமானி ஒலிபெருக்கியில் இடப்பக்கம் மலைத்தொடர் தெரிவதாகச் சொன்னார். விமானத்தில் இருந்த எல்லார் தலையும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கத்து ஆட்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்வையும் தன் ஜன்னல்மேல் விழுவது அண்ணனுக்குத் தெரிந்தது. திரும்பினார். நீலமாக ஒன்று, அதன்மேல் இன்னும் நீலமாக ஒன்று. கண் அதில் போய் நிற்பதற்குள் தோள் இழுக்க ஆரம்பித்தது. வீட்டில் மூன்றரை நிமிஷம் தாங்கிய கழுத்து இங்கே இரண்டுகூடத் தாங்கவில்லை.

"என்ன தெரியுது, சொல்லேன்" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மலை தெரியுது."

"அது தெரியும். எப்படி இருக்கு?"

"மலை மாதிரி இருக்குங்க."

கண்ணாடியை எடுத்தார். வலது கையை நீட்டிச் சாய்த்தார். முதலில் பின்சீட்டுக்காரரின் நெற்றி தெரிந்தது, அப்புறம் ஜன்னல் விளிம்பு, அப்புறம் மலை. உள்ளங்கை அகலத்தில், இடம்வலம் மாறி, விமானம் அதிரும்போதெல்லாம் அதுவும் அதிர்ந்துகொண்டு. இருந்தாலும் மலை. அரைநிமிஷம் பார்த்திருப்பார். எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் வந்துகொண்டிருந்த காலை வெயில் கண்ணாடியில் பட்டுப் பின்வரிசையில் ஒருவர் விடாமல் எல்லார் முகத்திலும் அடித்தது. யாரோ மணியை அழுத்தினார்கள்.

பணிப்பெண் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

"சார், அதக் கொஞ்சம் உள்ள வெச்சிருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கண்ணு கூசுது."

அண்ணன் கண்ணாடியைப் பைக்குள் போட்டார். அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அக்காவையும் அந்தத் தூங்குகிற ஆளையும் தாண்டி நடைபாதைக்கு வந்து, விமானத்தின் வால்பக்கம் நடக்க ஆரம்பித்தார். இடப்பக்கம் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. மலையை இருபது துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டதுபோல இருந்தது என்றார். கழிப்பறைகளைத் தாண்டினால் டீக் கோப்பைகளும் தள்ளுவண்டிகளும் வைத்திருக்கிற சின்ன இடம். அங்கே போய் நின்றார். திரும்பினார். மறுபடி திரும்பினார். அதற்குமேல் போக இடமில்லை.

பணிப்பெண் பின்னாலேயே வந்துவிட்டாள். "உடம்பு சரியில்லையா சார்? தண்ணி தரட்டுமா?"

"இல்லம்மா. கொஞ்சம் நிக்கணும்."

"உங்களுக்குத்தான் நல்ல சீட்டாச்சே. மலை போயிடும் சார், போய்ப் பாருங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. பதினோரு வருஷம் எதிரே இருந்த என்னிடம் சொல்லாததை, கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார்.

"எனக்கு இடது கண்ணு இல்லம்மா. கழுத்தும் திரும்பாது. அந்த சீட்டுல உக்காந்தா எனக்கு மலை தெரியாது."

அவள் ஐயோ பாவம் என்று எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தை ஒருதடவை பார்த்தாள், எந்தக் கண் என்று சரிபார்க்கிற மாதிரி. பிறகு இடப்பக்கக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை நகர்த்தினாள். கதவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது.

"இங்க வாங்க சார். இங்க நேரா நின்னு பாக்கலாம். திரும்பவே வேண்டாம். அந்தக் கைப்பிடிய மட்டும் தொட்டுராதீங்க."

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, நெற்றி கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய், நேருக்கு நேராகப் பார்த்தார்.

ஒன்பது நிமிஷம் என்று அவர் கணக்கு. உட்காருங்கள் என்ற விளக்கு எரிகிறவரை. என்ன பார்த்தார் என்று என்னிடம் பலதடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறொன்றிலிருந்து ஆரம்பிப்பார். அடுக்கடுக்காக மேடு, கடைசி அடுக்கின் உச்சியில் மட்டும் வெள்ளை. வெயில் படுகிற பக்கம் பழுப்பு, படாத பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு. அதன் நடுவில் ஒரு ரோடு, லேத்திலிருந்து விழுகிற சுருள் மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போகிறது. ஒரு வளைவில் சிவப்புக் கூரை போட்ட ஒரு கட்டடம். அதன் பக்கத்தில் ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னியது. ரோட்டில் ஒரு லாரி, அசையவே அசையாத மாதிரி. "அத ஓட்டற ஆள் எங்க போயிட்டிருப்பான்?" என்று என்னைக் கேட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

திரும்பி சீட்டுக்கு வந்தபோது அக்கா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் போனவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். இறங்குகிற வரைக்கும் முட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வெளியே மகள் காத்திருந்தாள். ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டு முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா, எப்படி இருந்துச்சு? முழுசாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. அருமையான சீட்டு."

அக்காவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "உங்கப்பா கக்கூஸ் பக்கத்துல நின்னுக்கிட்டே வந்தாரு."

"ஏன்?"

மூன்று பேரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கார் நிற்கும் இடம் வரைக்கும் வந்துவிட்டார்கள். மகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றாள். அண்ணன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு சொன்னார்.

"ஜன்னல் இடப்பக்கம் இருந்துச்சும்மா. அவ்வளவுதான்."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. அழவில்லை, கோபம்தான் வந்தது.

"ஒரு கண்ணு போன மாட்டுக்கிட்ட எந்தப் பக்கமா போகணும்னு தினமும் நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறேன் நான். தெரியுமா? என் அப்பாவுக்கு எந்தக் கண்ணுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஏன்ப்பா சொல்லல? எடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மறக்கட்டும்னுதானேம்மா இருந்தேன். மறந்துட்ட. அப்புறம் எப்படி சொல்றது?"

வீட்டுக்குப் போனதும் திரும்பும் டிக்கெட்டை மாற்ற உட்கார்ந்துவிட்டாள். இருட்டில் கிளம்புகிற விமானம் போய், காலை விமானம் வந்தது. வலப்பக்கம், ஜன்னல், இறக்கைக்கு முன்னால். மலை வலப்பக்கம் வரும், வெயில் இடப்பக்கம் இருக்கும், நல்ல கண் ஜன்னலோரம். அந்த விமானத்தில் அண்ணனுக்கென்றே செய்த சீட் என்று சொல்லலாம்.

எட்டு நாள் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் மகளின் ஆஸ்பத்திரியில் உடைந்து கிடந்த ஒரு கதவுத் தாழ்ப்பாளையும் மாடுகளைக் கட்டும் இரும்புச் சட்டத்தையும் சரிசெய்தார். மூன்றாம் நாளிலிருந்து செய்ய ஒன்றுமில்லை. மாடி ஏறி மலையைப் பார்ப்பார், இறங்குவார். மறுபடி ஏறுவார். ஏழாம் நாள் காலையில் மகளிடம் சொன்னார்.

"நான் பஸ்ல போறேம்மா."

"என்னது?"

"அந்த ரோடு இருக்குல்ல, மேலேர்ந்து பாத்தேனே. அதுல ஒரு பஸ்ஸு போகுதாம். பதினாறு மணி நேரம். விசாரிச்சுட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா துணியை மடித்துக்கொண்டே சொன்னார், "என்னைப் பாக்காத. நான் பிளேன்லதான் போவேன். திங்கக்கிழமை வேன் எடுக்கணும்."

அப்படித்தான் நடந்தது. அண்ணனுக்காக எடுத்த சீட்டில் அக்கா தனியாக உட்கார்ந்து வந்தார். அண்ணன் விடியற்காலை பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்று நிலையத்திலேயே மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். கண்டக்டர் சிரித்தாராம். "கொண்டை ஊசி வளைவு சார். அம்பது அடிக்கு ஒருதடவை பக்கம் மாறும். எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்." அண்ணன் பாதி தூரம் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வளைவுக்கு வளைவு மலை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. சிவப்புக் கூரைக் கட்டடத்தைத் தேடினார். ஒன்றல்ல, நாலு இருந்தன. ஒன்று பஞ்சர் கடை, ஒன்று லாரிகள் எடை போடும் இடம், மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தன. பஸ் டீக்கு நின்ற இடத்தில், காலையில் இந்தப் பக்கமாக விமானம் போகுமா என்று டீக்கடைக்காரரைக் கேட்டார். சத்தம் வரும், நிமிர்ந்து பார்த்ததில்லை என்றார் அவர். எது மின்னியது என்பது கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பட்டறையில் நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அக்காவிடம் நான் ஆவலாகக் கேட்டேன், வரும்போது மலை எப்படித் தெரிந்தது என்று.

"ஏறினதும் தூங்கிட்டேன்ப்பா" என்றார் அக்கா. "நல்ல சீட்டுதான். தலை சாய்க்க வாகா இருந்துச்சு."

ஆனால் அண்ணனுக்கு வேறு ஒரு தொல்லை ஆரம்பித்துவிட்டது. மகள் இப்போது தினமும் போன் செய்கிறாள். கழுத்து எப்படி இருக்கிறது, ரோட்டைத் தாண்டும்போது இடப்பக்கம் பார்த்தாயா, கண் மருத்துவரிடம் போனாயா என்று. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள் என்பதால் பட்டறை முழுக்கக் கேட்டுவிட்டது. வெல்டர் அவருக்கு இடப்பக்கம் எதையாவது தூக்கிக்கொண்டு போனால் "அண்ணே, வரேன், வரேன்" என்று குரல் கொடுக்கிறான். தையல் கடைக்காரர் அவர் தெருவைக் கடக்கும்போது தையலை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

"சொல்லியிருக்கவே கூடாது" என்றார் என்னிடம் ஒருநாள், கதவுச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே. "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னப்ப ஒண்ணும் தெரியல. அவ வண்டிய நகத்துனா, நான் பாத்தேன், முடிஞ்சுது. இங்க முடியவே மாட்டேங்குது."

மின்விசிறிச் சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல, மேஜையைச் சுற்றி அவருக்கு வலப்பக்கம் போய் நின்றேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார். "பதினோரு வருஷமா நின்ன எடத்துலயே போய் நில்லு."

போய் நின்றேன். அவர் இடப்பக்கமாக அரைச்சுற்று சுற்றித் தெருவைப் பார்த்துவிட்டு, அந்த லாரி இந்நேரம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று பேச ஆரம்பித்தார்.